நாத்தனார் போட்ட இரண்டு முடிச்சு

கோல சிலாங்கூரில் அரசாங்க அலுவலகங்களுக்குப் பக்கத்துச் சாலையில் என் போட்டோஸ்டேட் கடை இருக்கிறது. நகல் எடுப்பது பெயருக்குத்தான். உண்மையில் என் பிழைப்பு மற்றவர்களின் அலட்சியத்தில் ஓடுகிறது. பிறப்புப் பத்திரத்தில் பெயரைத் தப்பாக எழுத விட்டவர்கள், வீட்டுப் பத்திரத்தில் இன்னும் செத்துப்போன தாத்தாவை வைத்திருப்பவர்கள், ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று சொல்லிவிட்டு அந்த அப்புறம் வருவதற்குள் கண்ணை மூடியவர்கள் என எல்லார் வீட்டுப் பெண்களும் கடைசியில் என் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டுதான் வருகிறார்கள். மலாயில் கடிதம் எழுதுவது, விண்ணப்பப் பாரம் நிரப்புவது, எந்த முகப்புக்குப் போக வேண்டும் என்று சொல்வது எல்லாம் நான்தான். அதனால் எனக்குக் கொஞ்சம் கோபம் அதிகம். வருகிறவர்கள் அதைப் பொறுத்துக்கொள்கிறார்கள்.

அம்சவள்ளி அக்கா வந்தபோது கையில் ஒரு கல்யாண ஆல்பம் இருந்தது. பெரியது, வெல்வெட் அட்டை போட்டது. பக்கத்து ஊரான அசாம் ஜாவாவிலிருந்து பஸ் ஏறி, மடியில் அதை வைத்துக்கொண்டு வந்திருந்தார். முட்டி வலியால் கடைப் படியேறவே சிரமப்பட்டார். உட்கார்ந்ததும் சேதியைச் சொன்னார்.

அவர் கணவர் தங்கராஜு இராணுவத்தில் கோப்ரலாக இருந்து ஓய்வு பெற்றவர். நுரையீரல் நோயில் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அவர் இறந்ததோடு பென்ஷன் நின்றது. மனைவிக்கு அதில் ஒரு பங்கு தொடரும் என்று யாரோ சொல்ல, அக்கா கோலாலம்பூர் வரை போய் விண்ணப்பம் கொடுத்திருக்கிறார். அங்கே இருந்த மலாய்ப் பெண் மரியாதையாகத்தான் பேசியிருக்கிறாள். ஆனால், தங்கராஜுவின் இராணுவக் கோப்பைத் திறந்து பார்த்தால், அவர் படையில் இருந்த காலம் முழுக்கக் கல்யாணமாகாதவர் என்றே இருக்கிறது. கல்யாணத்துக்கு ஆதாரம் உண்டா என்று கேட்டிருக்கிறாள். அக்கா இந்த ஆல்பத்தைக் கொடுத்திருக்கிறார்.

நான் திறந்து பார்த்தேன். மாலையும் கழுத்துமாகத் தங்கராஜுவும் அக்காவும். இரண்டு பேர் தலையிலும் நரை. அது அறுபதாம் கல்யாணத்து ஆல்பம். அதைப் பார்த்துவிட்டு அந்தப் பெண், ‘அப்படியானால் ஓய்வுபெற்றுப் பல வருடம் கழித்துத்தான் மணந்துகொண்டீர்களா’ என்று கேட்டதில் என்ன தப்பு? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா சிரிக்கவில்லை.

“முப்பத்தேழு வருசம் அவரோட குடித்தனம் பண்ணினதுக்கப்புறம் கட்டுன மாலை இது. அதுக்கு முன்னாடி நான் யாருன்னு கேக்குது அந்தப் பொண்ணு. நான் என்னான்னு சொல்றது?” என்றார்.

பணமும் வேண்டியிருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. பிள்ளை இல்லை. பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த வேலையை முட்டி பிடுங்கிக்கொண்டது. ஆனால் அன்று அக்காவைக் குத்தியது பணமில்லை. தன்னை மனைவி இல்லை என்று ஒரு கோப்பு சொல்வதை அவரால் தாங்க முடியவில்லை.

அந்தக் கோப்பு பொய் சொல்லவில்லை. தங்கராஜு சொன்னதைத்தான் அது எழுதி வைத்திருந்தது. எண்பதாம் ஆண்டு, அசாம் ஜாவாப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் அவருடைய அப்பா சாகக் கிடந்தார். கண் மூடுவதற்குள் மகன் கல்யாணத்தைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம். விடுப்பில் வந்த மகனை அவசரமாக மணமேடையில் உட்கார வைத்தார்கள். இளம் சிப்பாய் கல்யாணம் செய்ய மேலதிகாரியிடம் அனுமதி வாங்க வேண்டும். அவர் வாங்கவில்லை. முகாமுக்குத் திரும்பியதும் தண்டனை வரும் என்று வாயை மூடிக்கொண்டார். ஒரு வருடம் மூடிய வாயை அடுத்த வருடம் திறந்தால், போன வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். இப்படியே ஓய்வு பெறும்வரை ஓடிவிட்டது. கிரிக் காட்டில் கம்யூனிஸ்டுகளின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பயப்படாத மனிதர், முகாமில் கோப்பு எழுதும் கிராணிக்குப் பயந்து மனைவியையே ஒளித்து வைத்தார். செத்தவரைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டினேன், அக்கா முன்னாலேயே திட்டினேன்.

கல்யாணம் நடந்தது தோட்டத்து மாரியம்மன் கோயிலில். தங்கராஜு தாலியில் முதல் முடிச்சுப் போட, மற்ற இரண்டு முடிச்சையும் முறைப்படி அவர் தங்கை திலகா போட்டாள். அப்போது அவள் பாவாடை தாவணிப் பெண். விடுப்பு முடிந்து மாப்பிள்ளை பஸ் ஏறியதும், தோட்டத்து லயத்து வீட்டில் மிஞ்சியவர்கள் அக்காவும் மாமியாரும் திலகாவும்தான். அக்காவும் திலகாவும் விடியற்காலையில் ஒரே சைக்கிளில் ரப்பர் பால்வெட்டுக்குப் போனார்கள். ஒரே கொசுவலைக்குள் படுத்தார்கள். தங்கராஜு வருடத்துக்கு ஒருமுறை வந்து போகும் விருந்தாளி. அக்கா கழுத்தை நீட்டியது அண்ணனுக்கு, ஆனால் குடும்பம் நடத்தியது தங்கையோடு. ஐந்தாறு வருடம் அப்படி ஓடியது.

பிறகு திலகா பெர்னாட்டை விரும்பினாள். தோட்டத்துக்கு உரம் ஏற்றிவந்த லோரிக்காரர், கத்தோலிக்கக் குடும்பம், தஞ்சோங் காராங் ஆள். அவள் மாதா கோயிலில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு அகதா என்று பெயர் மாற்றிக்கொண்டது தெரிந்ததும் தங்கராஜு அவசர விடுப்பு எடுத்து வந்தார். சொந்தக் கல்யாணத்துக்கு அனுமதி கேட்காதவர், தங்கை தன்னிடம் அனுமதி கேட்கவில்லை என்று குதித்தார். எனக்குத் தங்கச்சியே இல்லை என்று லயத்து வாசலில் நின்று கத்தினார். திலகா அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லையாம், அண்ணி முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாளாம். அக்கா வாயைத் திறக்கவில்லை. துணிப்பையைக் கட்டிக் கொடுத்தார், அவ்வளவுதான்.

அறுபதாம் கல்யாணத்தின்போது அக்காவே பிடிவாதம் பிடித்துத் திலகாவுக்கு அழைப்பிதழ் அனுப்ப வைத்தார். அதில் ‘திலகா’ என்று மட்டும் அச்சடித்திருந்தது. பெர்னாட் பெயர் இல்லை. நம் ஆட்கள் பசியைக்கூடப் பொறுப்பார்கள், பத்திரிகையில் பெயர் விட்டுப்போனதைப் பொறுக்க மாட்டார்கள். அவள் வரவில்லை. அந்த முறை முடிச்சுப் போட்டது பக்கத்து வீட்டுப் புஷ்பா.

இந்தக் கதையெல்லாம் எனக்கு ஒரே நாளில் கிடைக்கவில்லை. கோலாலம்பூர் அலுவலகத்துக்கு நான் போன் செய்து விசாரித்தேன். அந்தக் காலத்துக் கோயில் கல்யாணம் பதிவு செய்யாவிட்டாலும் செல்லும், ஆனால் நேரில் பார்த்தவர்கள் சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுக்க வேண்டும், ஒருவராவது இறந்தவர் பக்கத்து இரத்த உறவாக இருந்தால் நல்லது என்றார்கள். பார்த்தவர்களைத் தேடினோம். பூசாரி போய்விட்டார், வேலையை மேற்பார்த்த மண்டோர் போய்விட்டார், மாமியார் எப்போதோ போய்விட்டார். கல்யாணத்துக்குச் சமைத்த செல்லன் மட்டும் பத்தாங் பெர்ஜுந்தையில் மகளோடு இருந்தார். அவர் தாலியைவிடச் சாம்பாரைப் பற்றித்தான் அதிகம் சாட்சி சொன்னார். அதை வெட்டி ஒட்டிச் சரிசெய்தேன். இரத்த உறவு என்று மிஞ்சியது ஒரே ஒருத்தி.

சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழுவது மேல் என்பார்கள். இங்கே சாட்சிக்காரியும் சண்டைக்காரியும் ஒரே ஆள். அக்கா இரண்டு வாரம் என் கடைப் பக்கமே வரவில்லை. பிறகு ஒரு நாள் வந்து, “கார் எடு, போவோம்” என்றார்.

போகும் வழியில்தான் மிச்சத்தைச் சொன்னார். ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்தில் தங்கராஜு தங்கையைக் கேட்டிருக்கிறார். அக்கா கூப்பிடவில்லை. எனக்கு ஸ்டியரிங்கை விட்டுவிடலாம் போல இருந்தது. ஆனாலும் என் தொழில் என்னை விடாது. ஒரு வாக்கியம் எங்கே நிற்கும், எங்கே விழும் என்று எனக்குத் தெரியும். “திலகா கேட்டா, ‘கேட்டாரு, போன் போடறதுக்குள்ள போயிட்டாரு’ன்னு சொல்லுங்க அக்கா. அவங்க மனசும் ஆறும், நம்ம காரியமும் நடக்கும். யாருக்கும் நட்டமில்ல” என்றேன். அக்கா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். இரண்டு பக்கமும் நெல் வயல், நடுவில் வாய்க்கால். அறுவடை முடிந்து தீ வைத்திருந்தார்கள், கண் எரிந்தது.

திலகாவின் வீட்டு முன்னாலேயே வாழைப்பழம் பொரித்து விற்கும் பீசாங் கோரெங் கடை. பெரிய வாணலிக்குப் பின்னால் நின்றிருந்த அம்மாள் எங்களைப் பார்த்ததும் அடுப்பைக் குறைத்தார். கழுத்தில் சிறிய சிலுவை. முகத்தில் ஆல்பத்தில் பார்த்த தங்கராஜுவின் அதே நெற்றி. வாங்க என்று சொன்னார், அண்ணி என்று சொல்லவில்லை. பெர்னாட் நாற்காலி இழுத்துப் போட்டு, பால் சேர்க்காத தே ஓ கலந்து கொண்டுவந்து வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றார். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். கல்யாணத்தில் நடந்ததைச் சொல்லி ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், நாளைக்கே முடித்துவிடலாம் என்று நயமாக எடுத்துச் சொன்னேன்.

திலகா என்னைப் பார்க்கவே இல்லை. அக்காவைப் பார்த்துத்தான் பேசினார்.

“அண்ணன் செத்தது எனக்கு ஃபேஸ்புக்குலதான் தெரியும். காட்டுக்குக் கொண்டுபோயி மூணாம் நாளு. என் மவ போனக் காட்டுனா. பரவால்ல, அத விடுங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கடைசியில அண்ணன் என்னைக் கேட்டுச்சா?”

நான் மேசைக்கடியில் அக்காவின் காலை மெல்ல மிதித்தேன். அக்கா காலை நகர்த்திக்கொண்டார்.

“கேட்டாரு. ரெண்டு தடவ கேட்டாரு, தெலகாவுக்குச் சொல்லியாச்சான்னு. ஒன் நம்பர் எங்கிட்ட இருந்துச்சு. சொல்லியாச்சு, வந்துக்கிட்டு இருக்குன்னு அவருகிட்டப் பொய் சொன்னேன். அவரு கதவப் பாத்துக்கிட்டே கெடந்தாரு. நான் ஒன்னயக் கூப்புடல.”

“ஏன்?”

“வீம்பு. அறுவதாம் கல்யாணத்துக்கு வராதவதானேன்னு ஒரு வீம்பு. எந்திரிச்சிருவாரு, எந்திரிச்சு அவரே போயி கூப்புட்டுக்கட்டும்னு நெனச்சேன். அவரு எந்திரிக்கல.”

எனக்கு அந்த இடத்திலேயே பேனாவை மூடிப் பையில் போட்டுவிடத் தோன்றியது. காரியம் கெட்டது என்று முடிவு செய்துவிட்டேன். திலகா எழுந்து போய் வாணலியின் முன் நின்றார். மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு மலாய்க்காரர் வாழைப்பழம் கேட்டார். அவருக்குப் பொரித்து, தாளில் கட்டி, மிச்சச் சில்லறை கொடுத்து அனுப்பினார். அதற்குப் பிறகும் ஆள் இல்லாமலேயே இன்னொரு ஈடு பொரித்தார். கண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. பெர்னாட் கிட்டே போய் ஏதோ சொன்னார், திலகா தலையை ஆட்டி மறுத்தார். என் தேநீர் தீர்ந்துவிட்டது. அக்கா தன்னுடையதைத் தொடவில்லை. எழுந்து போகலாம் என்று நான் கண் காட்டினேன், அக்கா அசையவில்லை.

நெடுநேரம் கழித்துத் திலகா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார்.

“உங்களுக்காகச் செய்ய எனக்கு மனசு வரல. ஆனா முடிச்சுப் போட்டது நான். அத இல்லன்னு விட்டா எங்கண்ணன் கட்டுன தாலி பொய்யாயிரும். வந்து சொல்றேன். அதுக்கப்புறம் நீங்க இந்த வாசப்படி மிதிக்க வேணாம்.”

அக்கா சரி என்றார்.

காரில் ஏறியதும் நான் கத்தித் தீர்த்தேன். காரியம் நடந்தது அவருடைய அதிர்ஷ்டம், அந்த அம்மாள் முடியாது என்றிருந்தால் சாகும்வரை சோற்றுக்கு என்ன செய்திருப்பார், நான் சொல்லிக் கொடுத்த ஒரு வரியைச் சொல்ல முடியாதா என்று கேட்டேன். அக்கா கேட்டுக்கொண்டே வந்தார். கடைசியில், “விடுலா பிரமிளா. அவள சத்தியம் பண்ணச் சொல்லிக் கேக்கப் போன எடத்துல நான் பொய்யி பேசிட்டு வரவா?” என்றார். எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது. வீடு வரைக்கும் வானொலியைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஓட்டினேன்.

மறுநாள் பெர்னாட் மோட்டார் சைக்கிளில் திலகாவைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். மாதா கோயிலுக்குப் போகிறவர் போல வெளுத்த சேலை கட்டியிருந்தார். சத்தியப் பிரமாண ஆணையரின் அறை என் கடைக்கு மேல்மாடியில். முட்டி வலியோடு அக்கா ஒவ்வொரு படியாக ஏற, திலகா இரண்டு படி முன்னால், திரும்பிப் பார்க்காமல் ஏறினார். நான் மலாயில் தயாரித்து வைத்திருந்ததைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். ‘அந்தத் திருமணத்தில் நான் உடனிருந்தேன்’ என்ற இடம் வந்ததும் திலகா நிறுத்தச் சொன்னார்.

“உடனிருந்தேன்னு எழுதாதீங்க. கல்யாணத்துக்கு ஊரே உடனிருந்துச்சு. நான் ரெண்டு முடிச்சுப் போட்டேன்னு எழுதுங்க. அண்ணன் ஒண்ணு போட்டுச்சு, நான் ரெண்டு போட்டேன். ரெண்டாவதுல அவங்க பின்னங்கழுத்து முடி மாட்டிக்கிச்சு. ஸ்ஸுன்னாங்க. அவுத்துத் திரும்பப் போட்டேன். அதயும் எழுதுங்க.”

ஆணையர் வயதான சீனர். முடி மாட்டியதையெல்லாம் எழுத வேண்டியதில்லை என்றார். திலகா எழுதத்தான் வேண்டும் என்றார். நான் கீழே ஓடிப்போய்த் திருத்தி, மறுபடி அச்செடுத்துக்கொண்டு வந்தேன். திரும்பி வந்தபோது இரண்டு பேரும் ஒரே நீளப் பலகையில், நடுவில் ஒருவர் உட்காரும் இடம் விட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

முடிவில் வேறு எதையாவது சேர்க்க வேண்டுமா என்று கேட்பது என் வழக்கம். வாய் தவறிக் கேட்டுவிட்டேன். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அக்கா தலையைக் குனிந்தார். திலகா அன்று முதல் தடவையாக அவரைப் பார்த்தார். பிறகு பேனாவை வாங்கி, அகதா என்று கையெழுத்துப் போட்டார். ஆணையர் இதெல்லாம் உண்மையா என்று மலாயில் கேட்டதற்கு உண்மை என்றார். அடையாள அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் இறங்கிப் போனார். நான் காரில் கொண்டு விடுகிறேன் என்று கூப்பிட்டேன். பஸ் இருக்கிறது என்று கையைக் காட்டிவிட்டு நடந்தார்.

சில மாதங்களில் பதில் வந்தது. அக்கா அதை நகல் எடுக்கக் கடைக்குக் கொண்டுவந்தார். நான்தான் வாசித்துச் சொன்னேன். எண்பதாம் ஆண்டிலிருந்தே தங்கராஜுவின் மனைவி அம்சவள்ளி என்று ஒத்துக்கொண்டிருந்தார்கள். பென்ஷன் மாதாமாதம் வரும். எனக்கு நிஜமாகவே சந்தோஷம். உள்ளே போய் இரண்டு மைலோ கலந்து கொண்டுவந்தேன். அக்கா கடிதத்தை இரண்டாக மடித்து ஆல்பத்துக்குள் வைப்பார் என்று நினைத்தேன். அவர் அதை என் மேசை மேலேயே விட்டுவிட்டு, விரலால் தன் பெயர் இருந்த இடத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

“பொண்டாட்டின்னு எழுதிட்டாங்க. அவரு கதவப் பாத்துக்கிட்டுக் கெடந்தப்போ பக்கத்துல இருந்து பொய் சொன்னவளும் இதே பொண்டாட்டிதான். நீ வேற என்னா எழுதணும்னு கேட்டப்போ தெலகா அதயும் சொல்லியிருக்கலாம், பிரமிளா. சொல்லியிருந்தா நான் ஆமான்னு சொல்லியிருப்பேன். சொல்லாம எறங்கிப் போயிட்டா.”